சொந்த மெயிலுக்கு ரிப்ளை அழுத்தினால் அது யாருக்குப் போக வேண்டும்?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன். அலுவலகத்துக்குள் பயன்படுத்த ஒரு சிறிய வெப்மெயில் எழுதிக்கொண்டிருக்கிறீர்கள். அதில் சென்ட் ஃபோல்டரில் உள்ள ஒரு மெயிலைத் திறந்து ரிப்ளை அழுத்தினால், டு கட்டத்தில் அழுத்தியவருடைய முகவரியே வந்து உட்கார்ந்துகொள்கிறது. டெஸ்டிங் பார்ப்பவர் இதைப் பிழை என்று பதிவு செய்தார். டீம் லீடோ, ‘ரிப்ளை என்றால் ஃப்ரம் முகவரிக்குத்தான் போக வேண்டும், தரநிலை அப்படித்தான் சொல்கிறது’ என்று அதை மூடிவிட்டார். இவர்களில் யார் சரி, மென்பொருள் உண்மையில் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். டெஸ்டிங் பார்த்தவர்தான் சரி. அந்த மெயில் யாருக்கு அனுப்பப்பட்டதோ அவர்களுக்கே ரிப்ளையும் போக வேண்டும். ஆனால் உங்கள் கேள்விக்குள் இன்னொரு கேள்வி ஒளிந்திருக்கிறது: ‘இது நான் அனுப்பிய மெயில்’ என்று மென்பொருள் எதை வைத்து முடிவு செய்வது? நான் பார்த்தவரை தப்பு நடப்பதெல்லாம் அந்த இடத்தில்தான். அதனால் பதில் கொஞ்சம் நீளும்.

18 வருடமாக மெயில் சர்வர்களை நிறுவுவதும் பராமரிப்பதும் என் வேலை. நடுவில் ஒரு வெப்மெயிலுக்கு, முகவரிகளைத் தானாக நிரப்பும் பகுதியை எழுதிக் கொடுத்திருக்கிறேன். என் வாடிக்கையாளர்கள் பெரும்பாலும் 5 பேர் முதல் 100 பேர் வரை வேலை பார்க்கும் பட்டறைகள், ஆடிட்டர் அலுவலகங்கள், ஏற்றுமதிக்காரர்கள். நான் சொல்லும் அனுபவம் அந்த அளவுக்குள் அடங்கியது என்பதை மனதில் வைத்துப் படியுங்கள்.

அப்படி ஒரு வாடிக்கையாளர், கோயம்புத்தூரில் பம்ப் உதிரி பாகங்கள் செய்யும் பட்டறை வைத்திருப்பவர். ஒரு நாள் காலையில் கொட்டேஷன் ஒன்று அனுப்பினார். அரை மணி நேரம் கழித்துத்தான், ஒரு ஐட்டத்துக்குப் பழைய விலையைப் போட்டுவிட்டோம் என்று கவனித்தார். உடனே சென்ட் ஃபோல்டருக்குப் போய், அதே மெயிலைத் திறந்து, ரிப்ளை அழுத்தி, ‘மூன்றாவது ஐட்டத்தின் விலையைத் திருத்தி வாசிக்கவும்’ என்று சரியான விலையை எழுதி அனுப்பிவிட்டார். மூன்று நாள் கழித்துப் பழைய விலைக்கே ஆர்டர் வந்தது. என்னைக் கூப்பிட்டார். ‘சார், நான் அன்னிக்கே திருத்தி அனுப்பிட்டேன், சென்ட்ல இருக்கு, நீங்களே பாருங்க’ என்றார். பார்த்தேன். ஒரே சப்ஜெக்டில் இரண்டு மெயில். முதலாவதின் டு வரியில் வாங்குபவரின் பெயர். இரண்டாவதின் டு வரியில் பட்டறையின் பெயர். முகவரி தெரியவில்லை, பெயர் மட்டும்தான். அதுவும் தினமும் லெட்டர்பேடிலும் பில்லிலும் பார்த்துப் பழகிய பெயர். அவர் கண்ணுக்கு அது தப்பாகப் படவே இல்லை. இன்பாக்ஸிலும் அந்த மெயில் வந்து கிடந்தது. ‘நமக்கு ஒரு காப்பி வந்திருக்கு’ என்று நினைத்திருக்கிறார். கடைசியில் எழுதிக் கொடுத்த விலைக்கே சரக்கை அனுப்பினார். அவர் செய்ததில் ஒரு தவறும் இல்லை. அந்த இடத்தில் யாராக இருந்தாலும் அதையேதான் செய்திருப்பார்கள்.

ஒருவரிடம் பேசிவிட்டு நாலடி நடந்தபின் திரும்பி, ‘அப்புறம், இன்னொண்ணு சொல்ல மறந்துட்டேன்’ என்கிறோம். அதை யாரிடம் சொல்கிறோம் என்பதில் சந்தேகமே வராது. ரிப்ளை பட்டனை அழுத்துகிறவர் மனதில் இருப்பதும் அதுதான்: இந்தப் பேச்சைத் தொடர வேண்டும். நமக்கு வந்த மெயிலில், பேச்சைத் தொடர்வதும் ஃப்ரம் முகவரிக்கு எழுதுவதும் ஒன்றாகவே இருந்துவிடுகின்றன. அதனால் நிரல் எழுதுகிறவர்கள் ‘ரிப்ளை என்றால் ஃப்ரம்’ என்று பழகிவிட்டோம். நாம் அனுப்பிய மெயிலில் இந்த இரண்டும் பிரிந்துவிடுகின்றன. அங்கே பேச்சைத் தொடர்வதைத்தான் மென்பொருள் பிடித்துக்கொள்ள வேண்டும்.

சரி, தரநிலைக்கு வருவோம். இணையத் தரநிலைகள் ஆர்.எஃப்.சி என்ற எண்ணிட்ட ஆவணங்களாக வெளிவருகின்றன. மெயிலின் வடிவத்துக்கு இப்போது நடைமுறையில் இருப்பது 2008 அக்டோபரில் வந்த ஆர்.எஃப்.சி 5322. அதற்கு முன்னால் 2001-இல் 2822, அதற்கும் முன்னால் 1982-இல் 822. உங்கள் லீட் சொல்வது 5322-இன் 3.6.2 பகுதியில் இருக்கிறது. ரிப்ளை-டு வரி (பதில் எந்த முகவரிக்கு வர வேண்டும் என்று அனுப்பியவர் குறிப்பிடும் வரி) இல்லாவிட்டால், பதில் எழுதுபவர் வேறு விதமாகக் குறிப்பிடாத வரை, பதில் ஃப்ரம் வரியில் உள்ளவருக்கு இயல்பாகப் போக வேண்டும் என்கிறது அது. அங்கே போட்டிருக்கும் சொல் ‘ஷுட்’. கட்டாயம் என்று பொருள்படும் ‘மஸ்ட்’ இல்லை. இந்தச் சொற்களுக்குப் பொருள் வரையறுப்பது 1997-இல் வந்த ஆர்.எஃப்.சி 2119. அதன்படி ‘ஷுட்’ என்றால், குறிப்பிட்ட சூழ்நிலையில் தகுந்த காரணம் இருந்தால், விளைவுகளை நன்றாக யோசித்துப் பார்த்துவிட்டு மாற்றிச் செய்யலாம் என்று பொருள். அடுத்த பகுதியான 3.6.3 இன்னும் தளர்வானது. மூல மெயிலை எழுதியவர்கள் பதிலின் டு வரியில் வரலாம், மூல மெயிலின் டு, சிசி முகவரிகள் பதிலின் சிசி வரியில் வரலாம் என்று எல்லாவற்றுக்கும் ‘மே’ என்றே போட்டிருக்கிறது. பெறுநர்களையும் சேர்த்துக்கொள்ளும் ரிப்ளை கட்டளைகள் எப்படி நடந்துகொள்கின்றன என்பது அந்தந்த மென்பொருளைப் பொறுத்தது, இந்த ஆவணத்தின் எல்லைக்கு அப்பாற்பட்டது என்று ஒரு குறிப்பும் அங்கே உண்டு. எழுதியவரே தன் மெயிலுக்குப் பதில் எழுதுவதைப் பற்றித் தனியாக ஒரு சொல்லும் இல்லை. ஆக, தரநிலை நீங்கள் மாற்றுவதைத் தடுக்கவில்லை, மாற்றச் சொல்லவும் இல்லை. உறுதியாகச் சொல்ல முடிவது இவ்வளவுதான். இனி வருவது, மற்ற மென்பொருள்கள் செய்வதைப் பார்த்தும் அடிபட்டும் நான் எடுத்த முடிவுகள்.

மற்றவர்கள் என்ன செய்கிறார்கள்? டெர்மினலில் ஓடும் மட் என்ற பழைய மெயில் மென்பொருளில் ‘ரிப்ளை_செல்ஃப்’ என்று ஒரு அமைப்பு உண்டு. இயல்பாக அது அணைந்தே இருக்கும். அணைந்திருந்தால், சொந்த மெயிலுக்கு ரிப்ளை கொடுக்கும்போது அதன் பெறுநர்களுக்கே எழுத விரும்புகிறீர்கள் என்று எடுத்துக்கொள்ளும். ஜிமெயிலிலும், தண்டர்பேர்ட் என்ற டெஸ்க்டாப் மெயில் மென்பொருளிலும் இதே போக்குதான். சில டெஸ்க்டாப் மென்பொருள்களில் மட்டும் ரிப்ளை அழுத்தினால் சொந்த முகவரி வருவது ரொம்ப காலம் நீடித்தது. முன்பெல்லாம் இது பெரிதாகத் தெரியாததற்கும் காரணம் இருக்கிறது. அனுப்பியது சென்ட் ஃபோல்டரில் தனியாகக் கிடக்கும். அங்கே போய் ரிப்ளை அழுத்துகிறவர்கள் குறைவு. 2004 ஏப்ரல் 1 அன்று ஜிமெயில் வந்து, வந்ததையும் போனதையும் ஒரே உரையாடலாக அடுக்கிக் காட்டத் தொடங்கியதும் நிலைமை மாறியது. இன்று ஒரு உரையாடலின் அடியில் இருப்பது பெரும்பாலும் நாம் கடைசியாக அனுப்பியதுதான். ‘என்ன ஆச்சு, பதில் காணோமே’ என்று நினைவூட்ட ரிப்ளை அழுத்தினால் அது நம் சொந்த மெயிலின் மேல்தான் விழுகிறது.

இனி என்ன செய்ய வேண்டும் என்பதைப் பார்ப்போம். மெயில் என்னுடையது என்று உறுதியாகிவிட்டால், ரிப்ளை என்பது மூல மெயிலின் டு முகவரிகளை அப்படியே டு கட்டத்தில் போட வேண்டும். டு வரியில் மூன்று பேர் இருந்தால் மூன்று பேரும். ரிப்ளை ஆல் என்றால் சிசியில் இருந்தவர்கள் சிசியிலேயே வர வேண்டும். இங்கே ஒரு தவறை நிறைய இடத்தில் பார்த்திருக்கிறேன். வந்த மெயிலுக்கான பழைய நிரலையே ஓட்டி, கடைசியில் சொந்த முகவரியை மட்டும் நீக்கிவிடுவார்கள். அப்போது டு கட்டம் காலியாகி, எல்லாரும் சிசிக்குப் போய்விடுவார்கள். மெயில் போய்ச் சேரும், உண்மைதான். ஆனால் ‘சிசியில் இருந்தால் நமக்குத் தகவலுக்கு மட்டும்’ என்று படிக்காமல் விடுகிறவர்கள் எல்லா அலுவலகத்திலும் இருக்கிறார்கள். யாரிடம் வேலையைக் கேட்டோமோ அவரை சிசிக்குத் தள்ளுவது அந்தக் கோரிக்கையின் பலத்தையே குறைத்துவிடும்.

அனுப்பும் அடையாளத்தையும் கவனியுங்கள். பல முகவரி வைத்திருப்பவர் ரிப்ளை அழுத்தும்போது, எந்த முகவரியில் இருந்து அனுப்புவது என்பதை மென்பொருள் வழக்கமாக மூல மெயிலின் டு, சிசி வரிகளில் தேடும்: ‘இது விற்பனை முகவரிக்கு வந்தது, அதனால் விற்பனை முகவரியில் இருந்தே பதில் போகட்டும்.’ சொந்த மெயிலில் அந்த வரிகளில் இருப்பது அடுத்தவர் முகவரி. அங்கே தேடினால் ஒன்றும் கிடைக்காது. நிரல் இயல்பு முகவரிக்குப் போய்விடும். விளைவு, நிறுவனத்தின் பெயரில் போன கொட்டேஷனைத் தொடர்ந்து, ஊழியரின் சொந்த முகவரியில் இருந்து ஒரு நினைவூட்டல் போகும். வாங்குபவர் அதைப் பார்த்துவிட்டு இது மோசடி மெயிலோ என்று சந்தேகப்பட்ட சம்பவம் எனக்குத் தெரிந்தே உண்டு. சொந்த மெயிலில் அடையாளத்தை ஃப்ரம் வரியில் இருந்து எடுங்கள்.

இது எந்த மெயிலுக்கான பதில் என்று சுட்டும் இன்-ரிப்ளை-டு, ரெஃபரன்சஸ் வரிகளில் எந்த மாற்றமும் வேண்டாம். சொந்த மெயிலாக இருந்தாலும் அதன் மெசேஜ்-ஐடியையே (ஒவ்வொரு மெயிலுக்கும் உள்ள தனி அடையாளக் குறி) குறிப்பிடுங்கள். அப்போதுதான் பெறுபவரிடம் இரண்டும் ஒரே உரையாடலாகச் சேரும். ஒரு எச்சரிக்கை மட்டும். மெயிலை வாங்கி அனுப்பித் தரும் சில இடைச் சேவைகள் மெசேஜ்-ஐடியை மாற்றிவிடுகின்றன. உங்கள் சென்ட் ஃபோல்டரில் ஒரு ஐடி, பெறுபவரிடம் இன்னொரு ஐடி. அப்போது நீங்கள் சுட்டும் ஐடியை அவருடைய மென்பொருள் பார்த்தே இருக்காது. உரையாடல் அதற்கு முன்பே தொடங்கியிருந்தால் ரெஃபரன்சஸ் வரியில் உள்ள பழைய ஐடிகள் காப்பாற்றிவிடும். முதல் மெயிலே உங்களுடையது என்றால் பிரிந்துதான் போகும். உங்கள் அலுவலகத்தில் மெயில் எந்த வழியாக வெளியே போகிறது என்பதை ஒரு முறை சோதித்துப் பாருங்கள்.

இப்போது சிக்கலான இடம்: ‘நான்’ என்பது யார்? ஃப்ரம் முகவரி என் முகவரியோடு பொருந்தினால் என்னுடையது என்று எழுதிவிடலாம் என்றுதான் முதலில் தோன்றும். ஆனால் இந்த ஒப்பீட்டில் இரண்டு விதமாகத் தவறலாம், இரண்டும் ஒரே எடை இல்லை. என்னுடைய மெயிலை அடுத்தவருடையது என்று நினைத்துவிட்டால், ரிப்ளை எனக்கே வந்து சேரும். பட்டறைக்காரருக்கு நடந்தது அது. நஷ்டம்தான், ஆனால் ரகசியம் எதுவும் வெளியே போகவில்லை. அடுத்தவருடைய மெயிலை என்னுடையது என்று நினைத்துவிட்டால் விஷயம் மோசம். உடன் வேலை பார்ப்பவர் ஒரு வாடிக்கையாளருக்கு எழுதி எனக்கு சிசி போடுகிறார் என்று வையுங்கள். நான் அவரிடம் மட்டும் சொல்ல ரிப்ளை அழுத்தி, ‘விலையை ரொம்ப இறக்கிட்டீங்க, இவங்க இன்னும் கொடுப்பாங்க’ என்று எழுதுகிறேன். அவருடைய முகவரியையும் ‘நான்’ என்று மென்பொருள் எடுத்துக்கொண்டால், அந்த வரி நேராக வாடிக்கையாளருக்குப் போகும். டொமைன் (முகவரியில் @ குறிக்குப் பின்னால் வருவது) முழுவதையும் ‘நம்முடையது’ என்று ஒரே வடிவத்தால் பொருத்துகிறவர்கள் இதைத்தான் வரவழைத்துக்கொள்கிறார்கள். ஆகவே சந்தேகம் வந்தால் ‘இது என்னுடையது இல்லை’ என்ற பக்கம் சாய்வதுதான் பாதுகாப்பு.

தண்டர்பேர்டின் மூல நிரலில் இந்த இடத்தில் ஒரு குறிப்பு எழுதி வைத்திருக்கிறார்கள். நிரலைப் படித்த அன்று, யாரோ பயனாளர்களின் வீட்டுக்குள் எட்டிப் பார்த்து எழுதியிருக்கிறார்கள் என்று தோன்றியது. உண்மையான சொந்த மெயில் என்றால் டு, சிசி வரிகளில் பொதுவாக உங்கள் அடையாளம் எதுவும் இருக்காது என்கிறது அது. ஒரே மென்பொருளில் பல அடையாளங்களை வைத்துக்கொண்டு, சில நேரம் அந்த இன்னொரு முகவரியில் இருந்து எழுதுவதும், சில நேரம் அந்த முகவரிக்கே எழுதுவதுமாக இருப்பவர்கள் உண்டு. அவர்களுக்குத் தவறு நேரக் கூடாது என்று காரணம் சொல்கிறது. எடுத்துக்காட்டாகக் கணவன் மனைவியையும், சொந்த முகவரியோடு நிறுவனத்தின் பொது முகவரியையும் வைத்திருப்பவரையும் குறிப்பிடுகிறது. வீட்டுக்கு ஒரே கணினி, இருவர் முகவரியும் அதிலேயே. மனைவி கணவருக்கு எழுதுகிறார். கணவர் ரிப்ளை அழுத்தினால் அது மனைவிக்குப் போக வேண்டும். ‘ஃப்ரம் நம் பட்டியலில் இருக்கிறது’ என்று சொல்லி கணவருக்கே திருப்பிவிடக் கூடாது. இந்த விதியை நீங்களும் எடுத்துக்கொள்ளுங்கள். நான் அதில் ஒரு திருத்தம் செய்துகொள்வேன்: எப்போதும் தனக்கே ஒரு சிசி போட்டுக்கொள்ளும் பழக்கம் உள்ளவர்களுக்காக, சிசியில் இருப்பது ஃப்ரமில் உள்ள அதே முகவரிதான் என்றால் அதைக் கணக்கில் எடுக்க மாட்டேன். வேறு அடையாளம் இருந்தால் மட்டும்தான் விதி.

முகவரிகளை ஒப்பிடுவதில் கண்டிப்பாக இருங்கள். டொமைன் பகுதியில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து வேறுபாடு கிடையாது. முன்பகுதியில் வேறுபாடு உண்டு என்றுதான் ஆர்.எஃப்.சி 5321 சொல்கிறது. நடைமுறையில் கிட்டத்தட்ட யாரும் பார்ப்பதில்லை, அதனால் இரண்டையும் சின்ன எழுத்தாக்கி ஒப்பிடுவதில் ஆபத்து இல்லை. ஜிமெயில் தன் முகவரிகளில் புள்ளியைப் பொருட்படுத்துவதில்லை என்பதற்காக எல்லா டொமைனிலும் புள்ளியை நீக்கி ஒப்பிடக் கூடாது. அங்கே அது இரண்டு வெவ்வேறு மனிதர்களாக இருக்கலாம். 2012-இல் வந்த ஆர்.எஃப்.சி 6531-க்குப் பிறகு முகவரியின் முன்பகுதியைத் தமிழிலேயே வைக்க முடிகிறது. அப்படி ஒருவர் ‘பொன்னி’ என்று வைத்திருந்தால், ‘பொ’ என்பதில் உள்ள ஒகரக் குறியை யூனிகோடில் ஒரே குறியீடாகவும் எழுதலாம். கொம்பு ஒன்று, கால் ஒன்று என்று இரண்டு குறியீடாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும், பைட்டுகளை ஒப்பிட்டால் பொருந்தாது. ஒப்பிடும் முன் இரண்டையும், இப்படிப்பட்டவற்றை ஒரே குறியீடாகச் சேர்க்கும் யூனிகோடின் என்.எஃப்.சி வடிவத்துக்குக் கொண்டுவந்துவிடுங்கள். தமிழ் நிரலாளர்களே மறந்துவிடும் இடம் இது, தயவுசெய்து விட்டுவிடாதீர்கள்.

அடுத்து ரிப்ளை-டு. உங்கள் இணையதளத்தில் ‘தொடர்புகொள்ள’ படிவம் இருந்தால் அதன் மெயில்கள் பெரும்பாலும் ஃப்ரமில் உங்கள் நிறுவன முகவரியையும், ரிப்ளை-டுவில் படிவத்தை நிரப்பியவரின் முகவரியையும் தாங்கி வரும். டு வரியிலும் நீங்களே. ஃப்ரமை மட்டும் பார்த்து ‘சொந்த மெயில்’ என்று முடிவு கட்டினால், கேள்வி கேட்டவருக்குப் பதில் போகவே போகாது. சரி, அப்படியானால் ரிப்ளை-டு இருந்தால் எப்போதும் அதற்கே மதிப்பு கொடுக்கலாமா? அதுவும் ஆகாது. நான் ஊருக்குப் போகும்போது ‘பதிலை என் உதவியாளருக்கு அனுப்புங்கள்’ என்று ரிப்ளை-டுவில் அவர் முகவரியைப் போட்டு ஒரு மெயில் அனுப்புகிறேன். பிறகு அதே மெயிலைத் திறந்து இன்னொரு தகவல் சேர்க்க ரிப்ளை அழுத்தினால், அது மூலப் பெறுநருக்குப் போக வேண்டும், என் உதவியாளருக்கு இல்லை. ரிப்ளை-டு என்பது மற்றவர்களுக்கு நான் விட்ட வேண்டுகோள், எனக்கு நானே விட்டது கிடையாது. இந்த இரண்டு மெயிலிலும் ஃப்ரம், ரிப்ளை-டு வரிகள் ஒரே மாதிரிதான் இருக்கும்: ஃப்ரம் நான், ரிப்ளை-டு வேறொருவர். இந்த இரண்டு வரிகளை மட்டும் வைத்துப் பிரிக்க முடியாது. உறுதியாகப் பிரிக்கக்கூடிய சான்று ஒன்றுதான்: இந்த மெயிலை இந்தக் கணக்கில் இருந்து உண்மையிலேயே நான் அனுப்பினேனா? சென்ட் ஃபோல்டரில் இருக்கிறதா, அல்லது இதே மெசேஜ்-ஐடியோடு அங்கே ஒரு பிரதி இருக்கிறதா என்று பாருங்கள். எந்த ஃபோல்டர் சென்ட் என்பதை ஐமேப் (மெயில்பெட்டியை அணுகும் நெறிமுறை) சர்வரே சொல்ல முடியும், 2011-இல் வந்த ஆர்.எஃப்.சி 6154 அதற்குத்தான். பிரதி இருந்தால் ரிப்ளை-டுவை மறந்துவிடுங்கள். இல்லாவிட்டால் ரிப்ளை-டுவை மதியுங்கள். இந்தச் சான்று இன்னொரு வகையிலும் உதவும். ஃப்ரமில் உங்கள் முகவரியையே போலியாகப் போட்டு வரும் மிரட்டல் மெயில்கள் ‘நீங்கள் அனுப்பியது’ என்று கணக்கில் சேராது.

பிசிசி, அதாவது மற்ற பெறுநர்களுக்குத் தெரியாமல் போகும் மறைநகல் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் இது வந்தே தீரும். ஒருவர் டு வரியில் தன்னையே போட்டு, 40 பேரை பிசிசியில் வைத்து ஒரு அறிவிப்பு அனுப்புகிறார். பிறகு ‘தேதி மாறிவிட்டது’ என்று சொல்ல அதையே திறந்து ரிப்ளை ஆல் அழுத்துகிறார். சென்ட் பிரதியில் பிசிசி வரி இருந்தால் அந்த 40 பேரும் பிசிசி கட்டத்திலேயே வர வேண்டும். டு, சிசி கட்டங்களில் வரக் கூடாது. 5322 இதை வெளிப்படையாகவே சொல்கிறது, இந்த ஒரு விஷயத்தில் லீடிடம் தரநிலையைக் காட்டியே பேசலாம். சாதாரண ரிப்ளைக்கு பிசிசியைத் தொடவே வேண்டாம் என்பது என் கருத்து. டு வரியில் தன் முகவரி மட்டுமே இருந்தால், அதை அப்படியே விட்டுவிட்டு, ‘மறைநகல் பெற்ற 40 பேருக்கு இது போகாது’ என்று கட்டத்துக்குக் கீழே ஒரு வரி காட்டுவேன். ஊகித்து நிரப்புவதைவிட இது நல்லது.

தனக்குத் தானே குறிப்பாக அனுப்பிக்கொள்ளும் மெயிலுக்குப் பெரிய யோசனை தேவையில்லை. சொந்த முகவரியை நீக்கினால் யாரும் மிஞ்சவில்லை என்றால், அதையே திரும்பப் போட்டுவிடுங்கள். ஒரே முகவரிக்கு அனுப்பினால் உறுப்பினர் எல்லாருக்கும் போகும் மெயிலிங் லிஸ்டுக்கு நாம் அனுப்பி, லிஸ்ட் வழியாக நமக்கே திரும்பி வந்த பிரதியும் பொதுவாகச் சரியாகவே வரும், டு வரியில் லிஸ்ட் முகவரி இருப்பதால். 2014 ஏப்ரலில் யாஹூ தன் டிஎம்ஏஆர்சி (ஃப்ரம் முகவரி போலியா என்று சோதிக்கும் முறை) கொள்கையை ‘நிராகரி’ என்று கடுமையாக்கிய பிறகு, பல லிஸ்டுகள் ஃப்ரம் வரியையே தங்கள் முகவரியாக மாற்றி அனுப்பத் தொடங்கின. அங்கே நம் மெயிலை நாமே அடையாளம் காண ஃப்ரம் உதவாது, மெசேஜ்-ஐடிதான் உதவும்.

இன்னொன்று, சொந்த மெயிலைத் திறந்து ரிப்ளை அழுத்துகிறவர்கள் எல்லாரும் தொடர்ந்து பேச விரும்புகிறவர்கள் என்று சொல்ல முடியாது. சிலருக்கு வேண்டியது அதே மெயிலை அட்டாச்மென்ட்டோடு மறுபடி அனுப்புவது. ரிப்ளை அழுத்தினால் அட்டாச்மென்ட் விழுந்துவிடும், ஃபார்வர்ட் அழுத்தினால் பெறுநர்கள் விழுந்துவிடுவார்கள். தண்டர்பேர்டில் ‘புதிதாகத் திருத்து’ என்ற பொருளில் ஒரு கட்டளையும், அவுட்லுக்கில் மறுபடி அனுப்பும் கட்டளையும் இருப்பது இதற்காகத்தான். சென்ட் ஃபோல்டரில் மெயிலைத் திறந்திருக்கும்போது மட்டுமாவது ‘மறுபடி அனுப்பு’ என்ற பட்டனை ரிப்ளைக்குப் பக்கத்தில் வைத்தீர்கள் என்றால் பாதிக் குழப்பம் குறையும்.

எவ்வளவு கவனமாக எழுதினாலும் சில இடங்களில் மென்பொருள் தப்பாகத்தான் ஊகிக்கும், ஏனென்றால் அழுத்துகிறவர் மனதில் இருப்பது வரிகளில் இல்லை. அதனால் டு கட்டத்தைச் சுருக்கி, பெயரை மட்டும் காட்டும் வழக்கத்தை இந்த ஒரு சூழ்நிலையிலாவது விட்டுவிடுங்கள். ஃப்ரமில் உள்ள அதே முகவரி மட்டுமே டு கட்டத்திலும் இருந்தால், பெயருக்குப் பதிலாக ‘எனக்கு’ என்று காட்டுங்கள். ஜிமெயில் பெறுநர் பெயரில் ‘எனக்கு’ என்ற பொருளில் காட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். பட்டறைக்காரரின் திரையில் நிறுவனத்தின் பெயருக்குப் பதில் அந்த ஒரு சொல் இருந்திருந்தால், அன்றைக்கே கண்ணில் பட்டிருக்கும்.

எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் எழுத வேண்டியதில்லை. சென்ட் ஃபோல்டரில் இருக்கும் மெயிலுக்கு மட்டும் முதலில் மாற்றுங்கள்: டு டுவாக, சிசி சிசியாக, அடையாளம் ஃப்ரமில் இருந்து. அங்கே ‘நான்’ யார் என்ற சந்தேகம் கிட்டத்தட்ட இல்லை. அதிலேயே பெரும்பாலான புகார்கள் தீர்ந்துவிடும். ஒரே ஒரு இடம் மட்டும் விதிவிலக்கு: பல பேர் சேர்ந்து பார்க்கும் பொது மெயில்பெட்டி. அங்கே சென்ட் ஃபோல்டரில் இருப்பது உடன் வேலை பார்ப்பவர் எழுதியதாகவும் இருக்கும். ரிப்ளை வாடிக்கையாளருக்குப் போவது அங்கேயும் சரிதான், ஆனால் அழுத்துகிறவர் அந்தச் சக ஊழியரிடம் ஏதாவது கேட்க நினைத்திருக்கலாம். உங்கள் அலுவலகத்தில் அப்படி ஒரு பெட்டி இருந்தால், அதைப் பயன்படுத்துகிறவர்கள் பக்கத்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து அவர்கள் எப்போது ரிப்ளை அழுத்துகிறார்கள் என்று பார்த்துவிட்டு, அந்தப் பகுதியை அதற்கப்புறம் எழுதுங்கள்.